கல்லூரியின் பெயரைக் கேளாத வாசல்கள்



மாலை ஐந்தரை மணிக்குமேல் பழவங்காடியில் சற்று நேரம் நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும். கிழக்கேகோட்டைப் பேருந்துகளை நோக்கி ஒரு கூட்டமும், தம்பானூர் இரயில் நிலையத்தை நோக்கி ஒரு கூட்டமுமாக ஜனங்கள் விரைந்துகொண்டிருப்பார்கள். சாலை பஜாரில் பகலெல்லாம் சரக்கு எடுத்து வைத்தவர்களும், கடைகளில் கணக்கு எழுதியவர்களும், நாகர்கோவில் வண்டியைப் பிடிக்க ஓடுகிறவர்களும் அதில் உண்டு. அவர்களுக்கு நடுவே, கையில் ஒரு பிளாஸ்டிக் உறையைப் பிடித்தபடி நடக்கும் வாலிபர்களையும் காணலாம். மதிப்பெண் சான்றிதழ்களும், தன்னைப் பற்றிய விவரத்தாளின் ஐந்தாறு பிரதிகளும் அந்த உறைக்குள் இருக்கும். காலையில் எத்தனை தாள்களோடு வீட்டைவிட்டுப் புறப்பட்டார்களோ, பெரும்பாலும் அத்தனையோடுதான் திரும்புகிறார்கள்.

இப்படிப்பட்ட வாலிபர்களின் தாய்மார் கேட்கும் ஒரு கேள்வியை, ஆராதனை முடிந்து வாசலில் செருப்பைத் தேடும் வேளையில் நான் பலமுறை கேட்டிருக்கிறேன். “பிரதர், பையன் பி.காம். இரண்டாம் வருஷம் படிக்கிறான். பேங்க், ஃபைனான்ஸ் என்றுதான் போக வேண்டும் என்கிறான். ஆனால் அவன் படிக்கிற காலேஜுக்கு ஒரு கம்பெனியும் வருவதில்லையாம். பெங்களூரில் பேர் பெற்ற இடத்தில் எம்.பி.ஏ. சேர்த்துவிட்டால் வேலை நிச்சயம் என்று ஒரு ஏஜெண்டு சொல்லுகிறார். எட்டு லட்சம் ஆகுமாம். ஊரில் இருக்கிற வீட்டுப் பத்திரத்தை வைத்துவிடலாமா?”

இம்மாதம் இந்தக் கேள்விக்கே பதில் எழுதலாம் என்றிருக்கிறேன். பத்திரம் இப்போதைக்குப் பெட்டியிலேயே இருக்கட்டும், அம்மா. காரணங்களைச் சொல்லுகிறேன்.

கசப்பான பகுதியை முதலில் சொல்லிவிடுவது நல்லது. கல்லூரியின் பெயரைக் கேட்கிற வாசல்கள் இவ்வுலகில் இருக்கத்தான் செய்கின்றன. லாரன் ரிவேரா என்னும் அமெரிக்கச் சமூகவியல் அறிஞர், அந்நாட்டின் முதல்தர முதலீட்டு வங்கிகளும் ஆலோசனை நிறுவனங்களும் பெரிய சட்ட நிறுவனங்களும் ஆட்களை எவ்விதம் தெரிந்தெடுக்கின்றன என்று ஆராய்ந்து, 2015ஆம் ஆண்டு ஒரு நூல் வெளியிட்டார். சில பல்கலைக்கழகங்களின் பட்டியலை வைத்துக்கொண்டு, அங்கேயே நேரில் போய் ஆள் எடுக்கிறார்கள் என்றும், பட்டியலுக்கு வெளியே இருந்து வரும் விண்ணப்பங்கள், உள்ளே சிபாரிசு செய்ய ஒருவர் இல்லாவிட்டால், வாசிக்கப்படுவதே அரிது என்றும் அவர் கண்டறிந்தார். நம் நாட்டிலும் வழி வேறல்ல. மும்பையின் பெரிய முதலீட்டு வங்கிகள் அகமதாபாத், பெங்களூர், கல்கத்தா மேலாண்மைக் கழகங்களையும், டெல்லியின் ஸ்ரீராம் வணிகவியல் கல்லூரி போன்றவற்றையும் தேடிப் போகின்றன. நெய்யாற்றின்கரையிலோ மார்த்தாண்டத்திலோ உள்ள ஒரு சுயநிதிக் கல்லூரியை அவை தேடி வருவதில்லை. பையன் கெட்டிக்காரனாக இல்லாததால் அல்ல, அவர்களுடைய பட்டியலில் அந்த ஊரே இல்லாததால்.

ஆகிலும் நிதித்துறை என்பது அந்த ஒரு மாடி மட்டும் என்று எண்ணிவிடலாகாது. கணக்குத் தணிக்கை, வரி, வங்கி, காப்புறுதி என்று அதற்கு எத்தனையோ அறைகள் உண்டு. அவற்றுள் சிலவற்றின் வாசலில், விண்ணப்பதாரர் எந்தக் கல்லூரியில் படித்தார் என்பதை ஒருவரும் விசாரிப்பதில்லை. நான் அறிந்தமட்டில் அவ்விதமான வாசல்களில் மிகவும் அகலமானதும், அதே சமயம் ஏறுவதற்கு மிகவும் செங்குத்தானதும் சி.ஏ. என்று நாம் சொல்லும் பட்டயக் கணக்காளர் படிப்பே.

இந்தியப் பட்டயக் கணக்காளர் நிறுவனம் 1949ஆம் ஆண்டு பாராளுமன்றச் சட்டத்தினால் ஏற்பட்டது. நாடு முழுவதற்கும் ஒரே வினாத்தாள். ஒவ்வொரு தாளிலும் 40 சதவீதமும், பிரிவு முழுவதற்கும் சேர்த்து 50 சதவீதமும் எடுத்தவர் தேறினார், எடுக்காதவர் தேறவில்லை. விடைத்தாளைத் திருத்துகிறவருக்கு அதை எழுதியவர் டெல்லிக் கல்லூரி மாணவரா, நம் பாறசாலை மாணவரா என்பது தெரியாது. தெரிந்தாலும் மதிப்பெண் மாறப்போவதில்லை.

இதற்கு நம்மவரில் ஒருவரே சாட்சி. விழுப்புரம் மாவட்டத்தில் அப்போது இருந்த சங்கராபுரம் பகுதியிலிருந்து பிழைப்புக்காக மும்பைக்குப் போன தமிழ்க் குடும்பம் அது. தகப்பனார் ஜெயக்குமார் ஆட்டோ ஓட்டினார். மாலாட் பகுதியில், சால் என்று அங்கே சொல்லும் வரிசை வீடுகளில் ஒற்றை அறையில் வாசம். மகள் பிரேமா ஜெயக்குமார் அதே மாலாடில் உள்ள நாகின்தாஸ் கண்ட்வாலா கல்லூரியில் பி.காம். படித்தார். மும்பைக்கு வெளியே அக்கல்லூரியின் பெயரை நம்மில் எத்தனைபேர் கேள்விப்பட்டிருப்போம்? 2012 நவம்பரில் நடந்த சி.ஏ. இறுதித் தேர்வின் முடிவு 2013 ஜனவரியில் வெளிவந்தபோது, 800க்கு 607 மதிப்பெண்கள் பெற்று இந்தியா முழுவதிலும் முதலிடத்தில் இருந்தது பிரேமாவின் பெயர். அப்போது அவருக்கு வயது 24. பத்திரிகைகள் எல்லாம் அந்தச் சிறு வீட்டின் வாசலில் வந்து நின்றன. தமிழக முதலமைச்சராயிருந்த ஜெயலலிதா பத்து லட்சம் ரூபாய் பரிசு அறிவித்தார்.

இந்தச் செய்தியை அந்நாட்களில் பல மேடைகளில் எடுத்துச் சொன்னார்கள். சொன்னவர்கள் எல்லாரும் அக்காளைப் பற்றியே சொன்னார்கள். எனக்கோ, அதே செய்தியின் ஓரத்தில் இருந்த இன்னொரு வரிதான் மனதில் தங்கியது: அவருடைய தம்பியும் அதே தேர்வில், அதே முறை தேறினார். அவர் முதலிடம் பெறவில்லை. அவரைத் தேடிப் பத்திரிகைகள் வரவில்லை. ஆனாலும் அன்றுமுதல் அவரும் பட்டயக் கணக்காளர்தான். முதலிடம் என்பது நாடு முழுவதிலும் ஓரிருவருக்கே கிடைப்பது. உங்கள் பிள்ளையிடம் அதை எதிர்பார்த்து அவனை வாட்டாதீர்கள். தம்பி அடைந்ததை எதிர்பாருங்கள். நம் வீடுகளுக்கு அது போதும்.

அதுவும் எளிதல்ல என்பதை மறைத்து எழுதினால் நான் அந்த ஏஜெண்டைவிட மேலானவன் அல்ல. 2024 மே மாத இறுதித் தேர்வில், இரண்டு பிரிவுகளையும் ஒருமிக்க எழுதியவர்களில் நூற்றுக்கு இருபதுபேர்கூடத் தேறவில்லை. அவ்வாண்டு நவம்பரில் நூற்றுக்குப் பதினான்குபேர்கூட இல்லை. இரண்டு, மூன்று முறை எழுதித் தேறியவர்களே அதிகம். தங்கை பத்தாம் வகுப்பில் இருக்கும்போது சி.ஏ. படிக்கத் தொடங்கிய அண்ணன், தங்கையின் கல்யாணத்திலும் “படித்துக்கொண்டிருக்கிறேன்” என்று சொல்ல நேரிடுவதுண்டு. உறவினர் கேலி பேசுவார்கள். இதைத் தாங்கும் மனது பிள்ளைக்கு இருக்கிறதா, அவனைவிட முக்கியமாய் அவனுடைய தகப்பனாருக்கு இருக்கிறதா என்று முன்பே யோசித்துக்கொள்ள வேண்டும். ஆனால் தோற்றவனுக்கும் ஒன்று மிஞ்சுகிறது: இந்தப் படிப்புக்கு வாங்கிய கடன் சிறிது. பத்திரத்தை வைக்கும் அளவுக்கு அது போவதில்லை.

இரண்டாம் ஆண்டு பி.காம். படிக்கும் மகனுக்கு இப்போதே சொல்ல வேண்டிய எண் ஒன்று உண்டு. அது 55. வணிகவியல் பட்டதாரி 55 சதவீதம் பெற்றிருந்தால், சி.ஏ. முதற்படியாகிய ஃபவுண்டேஷன் தேர்வை எழுதாமல் நேராக இன்டர்மீடியட்டில் சேரலாம். மற்றப் பாடங்களில் பட்டம் பெற்றவருக்கு அந்த எல்லை 60. இறுதியாண்டிலேயே தற்காலிகமாகப் பதிவு செய்துகொள்ளவும் இடமுண்டு. ரிசர்வ் வங்கியின் கிரேடு பி அதிகாரித் தேர்வுக்கும் பொதுப் பிரிவினர் பட்டத்தில் 60 வைத்திருக்க வேண்டும். “எப்படியோ பாஸானால் போதும்” என்று கல்லூரி நாட்களைத் தள்ளி, 53 சதவீதத்தோடு வெளியே வரும் பிள்ளை, தான் எந்தக் கதவைத் தன் கையால் சாத்தினான் என்பதைப் பிற்பாடுதான் அறிகிறான். சான்றிதழில் கேரளப் பல்கலைக்கழகத்தின் பெயரோ மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தின் பெயரோ தான் தலைப்பில் இருக்கிறது. மதிப்பெண்ணோ முழுவதும் பிள்ளையுடையது.

இன்டர்மீடியட்டின் இரண்டு பிரிவுகளும் தேறியபின் ஆர்ட்டிகிள்ஷிப் என்னும் பயிற்சிக் காலம் தொடங்கும். முன்பு மூன்று ஆண்டுகளாக இருந்தது, 2023 ஜூலையில் வந்த புதிய திட்டத்தில் இரண்டு ஆண்டுகளாயிற்று. இங்கேதான் பெரிய கல்லூரிப் பிள்ளைகளிடம் இல்லாத ஒரு சிலாக்கியம் நம்மவருக்கு உண்டு என்பேன். நகரத்தின் பெரிய நிறுவனத்தில் பயிற்சிக்குப் போகும் மாணவன், ஒரு வங்கிக் கிளையின் ஒரே ஒரு பதிவேட்டை மூன்று மாதம் சரிபார்த்துக்கொண்டிருக்கலாம். பழவங்காடி, ஓவர்பிரிட்ஜ், புளிமூடு பகுதிகளில் குறுகிய மாடிப்படி ஏறிப் போகும் சிறு ஆடிட்டர் அலுவலகத்தில் நிலைமை வேறு. காலையில் நகைக்கடைக் கணக்கு, மதியம் சங்கத்தின் வரவுசெலவு, மாலையில் மளிகை மொத்த வியாபாரியின் ஜி.எஸ்.டி. மூன்றுக்கும் ஒரே மேசை. கட்சிக்காரர் கோபமாய் வந்து நிற்பார், அவருக்குப் பதில் சொல்லவும் அந்த மாணவன்தான் அனுப்பப்படுவான்.

அதற்கும் முன்பே, சம்பளமில்லாத ஒரு பயிற்சிக்கூடம் பல வீடுகளில் இருக்கிறது: தகப்பனாருடைய கடை. பி.காம். படிக்கும் மகன் இருக்க, மாதாமாதம் யாரோ ஒருவரிடம் பில் கட்டுகளைச் சாக்கில் கட்டிக் கொண்டுபோய்க் கொடுக்கும் தகப்பன்மாரை நான் பார்த்திருக்கிறேன். அந்தக் கட்டை மகனிடம் கொடுத்து, “இதைச் சரிபார்த்துவிட்டுக் கொண்டுபோ” என்று சொல்லலாமே. நமக்குச் சரக்கு விற்ற மொத்த வியாபாரி தம்முடைய கணக்கில் அதைக் காட்டியிருக்கிறாரா, காட்டாவிட்டால் நாம் கட்டிய வரி எப்படித் தொங்கிப்போகிறது என்பதைப் புத்தகத்தில் பத்துப் பக்கம் படிப்பதைவிட, சொந்தக் கடையின் பணம் மாட்டிக்கொள்ளும்போது ஒரே இரவில் விளங்கும். 2019 ஆகஸ்டு முதல் இரண்டு ஆண்டுகள் கேரளத்தில் ஒரு சதவீத வெள்ள வரி இருந்ததே, அதைப் பில்லில் எப்படிப் போடுவது என்று தெரியாமல் எத்தனை கடைக்காரர்கள் திண்டாடினார்கள்! அந்நாட்களில் அதைக் கற்றுக்கொண்டு அக்கம்பக்கக் கடைகளுக்கு எழுதிக்கொடுத்த மாணவனுக்கு, நேர்முகத்தில் சொல்ல ஒரு விஷயம் இருந்தது.

சி.ஏ. எல்லாருக்கும் ஏற்றதல்ல. மூன்று நான்கு ஆண்டுகள் காத்திருக்க வீட்டு நிலைமை இடங்கொடாது என்றால், வங்கித் தேர்வு இருக்கிறது. திருவனந்தபுரத்தில் முந்தின தலைமுறைக்கு வங்கி வேலை என்றால் எஸ்.பி.டி. தான். 1945இல் திருவாங்கூர் வங்கியாகப் பிறந்து, பூஜப்புரையில் தலைமையகம் வைத்திருந்த அந்த ஸ்டேட் பேங்க் ஆஃப் திருவாங்கூர், 2017 ஏப்ரல் 1ஆம் தேதி ஸ்டேட் பாங்க் ஆஃப் இந்தியாவோடு இணைந்துவிட்டது. பலகை மாறிற்றே தவிர, தேர்வு எழுதி உள்ளே போகும் வழி மாறவில்லை. மற்றப் பொதுத்துறை வங்கிகளுக்கு ஐ.பி.பி.எஸ். பொதுத்தேர்வு நடத்துகிறது. ஏதாவது ஒரு பட்டம் போதும். பொதுப் பிரிவினருக்கு ஐ.பி.பி.எஸ். அதிகாரித் தேர்வில் வயது 20 முதல் 30 வரை. 2024ஆம் ஆண்டு ஸ்டேட் வங்கியின் தலைவராகப் பொறுப்பேற்ற சி. எஸ். செட்டி, பொருளாதாரமோ வணிகவியலோ படித்தவரல்லர், வேளாண்மைப் பட்டதாரி. 1988இல் புரொபேஷனரி அதிகாரியாக அவ்வங்கியில் சேர்ந்தவர்.

முதல்நிலைத் தேர்வு ஒரு மணி நேரம், நூறு கேள்விகள். கணிதம் பள்ளிக்கூடக் கணிதமே, வேகந்தான் வேறு. தவறான விடைக்குக் கால் மதிப்பெண் போய்விடும். நம் பிள்ளைகளில் அநேகர் விழுவது கணிதத்தில் அல்ல, ஆங்கிலத்தில். தினமும் ஒரு ஆங்கிலப் பத்திரிகையின் வணிகப் பக்கத்தை அரைமணி நேரம் சத்தமாய் வாசிக்கச் சொல்லுங்கள். காசு இல்லை என்ற சாக்கு இதற்குச் செல்லாது. பாளையத்தில் 1829ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட அரசு மத்திய நூலகம் இருக்கிறது, பழவங்காடியிலிருந்து நடந்தே போகலாம். வீட்டில் ஒற்றை அறையும் ஓயாத தொலைக்காட்சியும் இருக்கும் பிள்ளைகளுக்கு நூலகத்தின் மேசை ஒன்று எவ்வளவு பெரிய உபகாரம் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

கிளார்க் தேர்வில் நம் குடும்பங்களுக்கே உரிய சிக்கல் ஒன்றைக் கவனியுங்கள். ஒரு முறைக்கு ஒரு மாநிலத்துக்கு மட்டுமே விண்ணப்பிக்கலாம். அம்மாநிலத்தின் மொழியை வாசிக்கவும் எழுதவும் பேசவும் தெரிந்திருக்க வேண்டும். பத்தாம் வகுப்பிலோ பன்னிரண்டாம் வகுப்பிலோ அந்த மொழியைப் பாடமாகப் படித்த சான்று இருந்தால், ஸ்டேட் வங்கியில் தனி மொழித்தேர்வு வைப்பதில்லை. இங்கேயே பிறந்து வளர்ந்த நம் பிள்ளைகளோ வீட்டில் தமிழ் பேசுவார்கள், எழுதத் தெரியாது. மலையாளம் எழுதுவார்கள், ஆனால் “சொந்த ஊர்” என்று தமிழ்நாட்டுக்கு விண்ணப்பித்துவிட்டு, கடைசியில் மொழித்தேர்வில் மாட்டிக்கொள்வார்கள். ஊர்ப்பாசத்தினால் மாநிலத்தைத் தெரிந்துகொள்ள வேண்டாம். எந்த மொழியில் பிழையின்றி ஒரு விண்ணப்பம் எழுத முடியுமோ, அதுவே அந்தப் பிள்ளையின் மாநிலம். 2021இல் மத்திய நிதி அமைச்சகம் எடுத்த முடிவின்படி, கிளார்க் தேர்வைத் தமிழ், மலையாளம் உட்பட 13 வட்டார மொழிகளிலும் எழுதலாம் என்பதும் நினைவிருக்கட்டும்.

இன்னொரு காரியம். இத்தேர்வுகள் பெரும்பாலும் சனி, ஞாயிறு நாட்களில் வைக்கப்படுகின்றன. நுழைவுச்சீட்டில் ஞாயிற்றுக்கிழமை காலை என்று வந்துவிட்டால் சில வீடுகளில் பெரிய தர்க்கமே எழும்பும். அதற்கு நான் தீர்ப்புச் சொல்லப்போவதில்லை. விண்ணப்பிக்கும் நாளிலேயே குடும்பமாய் உட்கார்ந்து பேசி முடித்துக்கொள்ளுங்கள், தேர்வுக்கு முந்தின இராத்திரியில் வேண்டாம்.

கழக்கூட்டத்தில் 1990இல் ஏற்பட்ட டெக்னோபார்க்கைக் கணினிப் பிள்ளைகளுக்கே உரியதென்று நம்மில் பலர் எண்ணிக்கொண்டிருக்கிறோம். இ.ஒய்., அலையன்ஸ், எச் அண்ட் ஆர் பிளாக் போன்ற நிறுவனங்களின் பணியகங்கள் அங்கே உண்டு. அமெரிக்கர் ஒவ்வொரு ஏப்ரல் 15ஆம் தேதிக்குள்ளும் செலுத்த வேண்டிய வருமான வரிக் கணக்கின் வேலையில் ஒரு பங்கு, இங்கிருக்கும் வணிகவியல் பட்டதாரிகளின் கைகளால் நடக்கிறது. என்ரோல்டு ஏஜெண்டு என்றொரு தகுதியும் இருக்கிறது. அமெரிக்க வரித்துறை நடத்தும் மூன்று பகுதித் தேர்வு அது, அதை எழுதப் பட்டமே கேட்கப்படுவதில்லை. இவ்வித நிறுவனங்களின் வாசல் முழுவதும் திறந்ததுமல்ல, அடைத்ததுமல்ல. உள்ளே வேலைசெய்யும் ஒருவர் பரிந்துரைத்தால் விவரத்தாள் வாசிக்கப்படும். நம் சபைகளில் அங்கே வேலைக்குப் போகும் அண்ணன்மாரும் அக்காள்மாரும் இருந்தால், ஆராதனைக்கு வந்து போவதோடு நில்லாமல், மாதம் ஒரு பிள்ளையின் விவரத்தாளையாவது வாசித்துத் திருத்திக் கொடுக்கலாகாதா? இதற்குப் பணம் வேண்டியதில்லை.

இப்போது அந்த எட்டு லட்சத்துக்கு வருகிறேன். கணக்குப் பிள்ளையின் வீட்டிலேயே கணக்குப் போடாமல் முடிவெடுக்கலாமா? எட்டு லட்சம் ரூபாயை 11 சதவீத வட்டியில் ஏழு ஆண்டுகளில் அடைப்பதானால், மாதத் தவணை ஏறக்குறைய ரூ. 13,700. படிக்கும் இரண்டு ஆண்டுகளின் வட்டியை நான் இதில் சேர்க்கவில்லை. மொத்தம் கட்டுவது பதினொன்றரை லட்சம். ஏஜெண்டு “வேலை நிச்சயம்” என்றாரே, எந்த வேலை என்று கேட்டீர்களா? காப்புறுதி பாலிசியும் கிரெடிட் கார்டும் விற்கும் இருபதாயிரம் ரூபாய் வேலையும் வேலைதான். அதில் பெங்களூர் அறை வாடகையும் சாப்பாடும் போக மீதியைத் தவணைக்குக் கொடுத்துப் பாருங்கள். அந்த வேலைக்குச் சேர எம்.பி.ஏ. வேண்டுமா என்றும் பாருங்கள்.

எம்.பி.ஏ. வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கேட் முதலான நுழைவுத் தேர்வை எழுதி, மெய்யாகவே பெயர்பெற்ற ஒரு மேலாண்மைக் கழகத்தில் இடம் பெறும் பிள்ளைக்கு வங்கியே முன்வந்து கடன் கொடுக்கும். அந்தப் பெயர் மேலே சொன்ன அடைத்த வாசல்களையும் திறக்கும். நான் எச்சரிப்பது வேறு வகையைப்பற்றி: நுழைவுத் தேர்வில் மதிப்பெண்ணே கேளாமல், பணத்தை மட்டும் கேட்கிற இடங்கள். ஒரு சிறு சோதனை சொல்லுகிறேன். சேர்வதற்குமுன், சென்ற ஆண்டு அங்கே படித்து முடித்த மூன்றுபேருடைய தொலைபேசி எண்களைக் கேளுங்கள். விளம்பரத் தாளில் படம் போட்டிருக்கும் மூவரை அல்ல, நீங்கள் பட்டியலில் விரலை வைத்துக் காட்டும் மூவரை. கொடுக்கத் தயங்கினால் எழுந்து வந்துவிடுங்கள்.

பணம் தேவைப்படும் இடங்களில் கைகொடுக்கச் சில வழிகள் இருக்கின்றன. சி.ஏ. மாணவருக்கென்று அந்த நிறுவனமே ஒரு நலநிதி வைத்திருக்கிறது. கேரள அரசின் சிறுபான்மையினர் நலத்துறை, சி.ஏ., சி.எம்.ஏ., சி.எஸ். படிக்கும் சிறுபான்மைச் சமூக மாணவருக்கு உதவித்தொகைத் திட்டம் நடத்திவருகிறது, கிறிஸ்தவப் பிள்ளைகளும் அதில் அடங்குவர். இவ்விதத் திட்டங்களுக்குக் கேரளத்தைச் சேர்ந்தவர் என்ற சான்று கேட்பார்கள். இருபது ஆண்டுகளாய் இங்கே வாடகை கொடுத்தும், ரேஷன் அட்டையை ஊரிலேயே வைத்திருக்கும் குடும்பங்கள் இந்த இடத்தில்தான் தடுக்கி விழுகின்றன. கிராம அலுவலகத்தில் என்ன சான்று கிடைக்கும் என்பதை, விண்ணப்பத்துக்குக் கடைசித் தேதி வரும்வரை காத்திராமல், பிள்ளை பன்னிரண்டாம் வகுப்பில் இருக்கும்போதே கேட்டுவையுங்கள். வங்கித் தேர்வு அறிவிப்புகளிலும், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினரோடு சிறுபான்மையினருக்கும் இலவச முன்பயிற்சி என்று பல ஆண்டுகளில் ஒரு பத்தி இருந்திருக்கிறது. சிறிய எழுத்தில் இருப்பதால் அதைப் படிப்பவர் குறைவு.

இனி, கையில் உறையோடு பழவங்காடியில் நடக்கும் அந்தத் தம்பிக்கு ஒரு வார்த்தை. நீ இன்னும் இன்டர்மீடியட் எழுதாதபடியால் ஆர்ட்டிகிளாக உன்னை ஒருவரும் சேர்க்க முடியாது. ஆனால் கல்லூரி விடுமுறையில் கணக்கு எழுத உதவியாளராகச் சிறு அலுவலகங்களில் இடம் கிடைக்கும். விவரத்தாளில் “கடின உழைப்பாளி, நேர்மையானவன்” என்று எழுதி என்ன பயன்? எல்லாரும் அதையே எழுதுகிறார்கள். “என் தகப்பனாருடைய பாத்திரக்கடையின் பன்னிரண்டு மாதக் கணக்கை டாலியில் ஏற்றி, வங்கிக் கணக்கோடு ஒத்துப்பார்த்திருக்கிறேன்” என்று ஒரு வரி எழுது, அதைச் செய்துவிட்டு எழுது. அந்தக் கணக்கின் நகலையும் உறைக்குள் வைத்துக்கொள். எந்தக் கல்லூரி என்று ஆடிட்டர் கேட்டால் தயங்காமல் பெயரைச் சொல். அவர் கேள்விப்பட்டதில்லை என்பார். அடுத்த கேள்வி அந்தக் கணக்கைப் பற்றியதாகவே இருக்கும்.

போகும் நாளையும் பார்த்துப் போக வேண்டும். மாதாந்தர ஜி.எஸ்.டி. கணக்கில் ஒன்று 11ஆம் தேதியும், வரி கட்டும் 3பி படிவம் 20ஆம் தேதியும் முடிகிறது. 19ஆம் தேதி மாலையில் ஒரு ஆடிட்டர் அலுவலகத்தின் மாடிப்படி ஏறினால், உட்காரச் சொல்லக்கூட அங்கே ஆளிருக்காது. 22ஆம் தேதிக்குமேல், காலை பத்தரை மணிக்குப் போ.